ஜெயிலில் கழியாத ஒன்பது மாதம்

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அட்வான்ஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருஷ ஆரம்பத்தில் கம்பெனி உங்கள் கையில் ஒரு தொகையைக் கொடுக்கும். ஐயாயிரமோ பத்தாயிரமோ, ஆளைப் பொறுத்து. அதை வாங்கிவிட்டால் வேறு கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சனிக்கிழமை சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குக் கழித்தல் என்று பெயர். இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால், "ஒனக்கு எம்புட்டுலே கழிஞ்சிருக்கு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். என் அப்பா அப்படித்தான் கழித்தார். நானும் அப்படித்தான் கழித்தேன். கடன் என்றால் உடம்பைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைக்க வேண்டும், நாள் ஆக ஆக அது தானாகக் குறையும். இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு மாதம் ஜெயிலில் இருந்தவன். யாரையும் வெட்டவில்லை, எதையும் திருடவில்லை. பெற்ற மகளுக்குக் கோர்ட்டு கட்டச் சொன்ன பணத்தைக் கட்டவில்லை. கட்டாமல் உள்ளே போனேன். போனால் கழிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். இதை எழுத எனக்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னொரு மடையன் இதே வழியில் போவான்.

நான் மருந்து செலுத்துகிறவன். பூச்சட்டிக்குள், அதாவது புஸ்வாணத்துக்குள், வெடிமருந்தை வைத்து இறுக்குகிற வேலை. என் மனைவியும் அதே கம்பெனியில் சரவெடி பின்னினாள். மகள் பிறந்து பத்து வருஷம் வரைக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை. அப்புறம் என் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை எடுத்து அடகு வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. தெரிந்ததும் அவள் கேட்டாள். சத்தமாகக் கேட்டாள். நான் அடித்தேன்.

ஒரே ஓர் அறைதான் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாங்கியவள் ஒரே ஓர் அறைதான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்க் கூப்பிடவில்லை. வரட்டும் பார்ப்போம் என்று இருந்தேன். வந்தது வக்கீல் நோட்டீஸ்.

விருதுநகர் கோர்ட்டில் ஜீவனாம்சக் கேஸ் நடந்தது. அவளுக்கு முந்நூறு, பிள்ளைக்கு ஐந்நூறு, ஆக மாதம் எண்ணூறு ரூபாய், பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. சீசனில் எனக்கு அது பெரிய பணம் இல்லை. ஐந்து மாதம் ஒழுங்காக மணியார்டர் அனுப்பினேன்.

ஐந்தாவது மாதம் பொங்கலுக்கு மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் போனேன். என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"வாங்க மாப்ள. எண்ணூறு ரூவா அனுப்பிட்டா வீட்டுக்கு வந்துபோக டிக்கெட் எடுத்த மாதிரின்னு நெனச்சீகளோ?"

"எம் பிள்ளையப் பாக்க நான் யாருகிட்ட டிக்கெட் எடுக்கணும் மச்சான்?"

"அடிச்சு வெரட்டும்போது எம் பிள்ளைன்னு தோணலையாக்கும்."

துணியைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மகள் வெளியே வருவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டேன். அடுத்த மாதம் மணியார்டர் அனுப்பவில்லை. இவர் போடட்டுமே சோறு என்று நினைத்தேன். அதற்கு அடுத்த மாதமும் அனுப்பவில்லை. வீம்பு. அந்த இரண்டு மாதத்துக்கு வேறு காரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது மாதம் வீம்பு தணிந்துவிட்டது. ஆனால் இப்போது இரண்டாயிரத்து நானூறு கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறொரு கம்பெனியில் விபத்து நடந்தது. அதிகாரிகள் வரிசையாகச் சோதனைக்கு வந்தார்கள். எங்கள் கம்பெனியை மூன்று வாரம் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லை, சம்பளம் இல்லை. அந்த ஒரு மாதத்து எண்ணூறையாவது அனுப்பியிருக்கலாம். மொத்தமாக அனுப்பினால்தான் மரியாதை என்று தோன்றியது. மொத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற, இனிமேல் எப்படியும் கட்ட முடியாது என்று மனசு மரத்துவிட்டது. பாக்கி வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

ஆவணி மாதம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சீசனின் உச்சம் அது. எங்கள் ரூமில் நான்கு பேர். நான் ஒரு நாள் வராவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் வேலை ஓடாது, அவர்கள் கூலியும் போகும். சம்மனைக் கொண்டுபோய் போர்மேனிடம் காட்டினேன். அவர் என் அப்பா காலத்து ஆள். வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்க? லோடு நிக்கும்போது கோர்ட்டுக்குப் போறேன்னு சொல்லாதலே. தீபாவளி கழியட்டும். வாரண்டு வரும். ஒரு மாசம் உள்ள போட்டுருவாங்க. எப்படியும் கம்பெனி பூட்டித்தான கெடக்கும்? இருந்து கழிச்சிட்டு வந்துரு."

"எல்லாம் கழிஞ்சிருமாண்ணே?"

"கழியாம? எம் மச்சினன் அப்படித்தான் போயிட்டு வந்தான். அப்புறம் ஒரு பய கேக்கல."

எனக்கு அது சரியாகப் பட்டது. யாரிடமும் மறுபடி கேட்கத் தோன்றவில்லை. அட்வான்ஸைக் கழிக்கிறோம், அதே மாதிரி இதையும் கழிக்கப் போகிறோம். ஒரே வித்தியாசம், அங்கே மருந்து மூக்கில் ஏறாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் வாங்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம். கோர்ட்டில் அதைக் கட்டியிருந்தால் ஒன்பது மாதப் பாக்கியில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். கட்டவில்லை. என் மனதில் வேறு திட்டம் இருந்தது. நேரே அடகுக் கடைக்குப் போய் அவளுடைய சங்கிலியைத் திருப்பினேன். எல்லாம் அந்தச் சங்கிலியால் வந்தது, அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டால் திரும்பி வந்துவிடுவாள், அவள் வந்துவிட்டால் கேஸ் ஏது, எண்ணூறு ஏது? போனஸில் சங்கிலி. கம்பெனி பூட்டியிருக்கிற மாதத்தில் பாக்கி. இரண்டையும் ஒரே அடியில் முடிக்கிறேன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை. சங்கிலியைத் தங்கச்சியிடம் கொடுத்து வைத்தேன்.

தீபாவளி முடிந்த ஆறாவது நாள் ஏட்டு வந்தார். சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். பஸ்ஸில்தான் விருதுநகருக்குப் போனோம். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். "பெத்த பிள்ளைக்குக் கட்டாம என்னய்யா ஆளு நீ?" என்று வழியில் ஒரு தடவை கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோர்ட்டு வராந்தாவில் என் வக்கீல் என்னைப் பிடித்து உலுக்கினார்.

"பாதியைக் கட்டுய்யா. மிச்சத்துக்கு நான் தவணை கேக்குறேன். மாஜிஸ்திரேட் அம்மா கொடுப்பாங்க."

"இல்ல சார். நான் உள்ள போயிட்டு வந்துர்றேன்."

"உள்ள போறதுக்கு என்னய்யா அவசரம்? யாரும் விருந்து வச்சிருக்காங்களா?"

இன்னொரு கேஸுக்கு அவரைக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டார். அவர் விளக்கிச் சொல்லவில்லை என்று நான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நான் கேட்கவும் இல்லை.

மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. என்னைப் பார்த்து, "ஒன்பது மாசப் பாக்கி, ஏழாயிரத்து இருநூறு. கட்டுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"ஒரு பகுதியாவது கட்டுங்க. கட்டினா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

"வேணாம்மா. கழிச்சிட்டு வந்துர்றேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதம் காவல், இடையில் பணம் கட்டினால் அன்றே விடுதலை என்று உத்தரவு ஆனது.

என் மனைவி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உத்தரவைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே இருந்த முப்பது நாளும் அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் தெம்பாக இருந்தேன். அது எதற்காக வெளுத்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஜெயில் வாசலில் சோதனை போட்டுப் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் புதிதில்லை, கம்பெனி வாசலில் தினமும் நடக்கிறதுதான். என் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி மின்னுவதைப் பார்த்து வார்டர் என்னவென்று கேட்டார்.

"அலுமினியப் பவுடர் சார். போகாது."

"பட்டாசுக்காரனா? எந்தக் கேசு?"

"ஜீவனாம்சம் சார்."

"அட, பொண்டாட்டிக்குப் பயந்து மாமியார் வீட்டுக்கு வந்தவனா நீ?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே கஷ்டம் என்று ஒன்றும் சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சோறு வந்தது. காலையில் எழுந்ததும் ஒரு நாள் கழிந்தது என்று எண்ணுவேன். ஒரு மாதம் என்றால் ஏழாயிரத்து இருநூறு, அப்படியானால் ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது. மருந்து ரூமில் எனக்கு நூறுகூட வராது. ஒன்றும் செய்யாமல் சுவரில் சாய்ந்து இருநூற்று நாற்பது சம்பாதிக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். இப்போது நினைத்தால் என் செவிட்டில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

வெளியே வந்த அன்றே தங்கச்சி வீட்டில் குளித்துவிட்டுச் சங்கிலியைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பின் குத்திக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினேன். வாரத்தின் நடுநாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பலகை. ஒரு பக்கம் வெட்டிய காகிதம், ஒரு பக்கம் மைதாப் பசைக் கிண்ணம். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, ஓர் உருட்டு உருட்டி, வெடிக்கான குழாயை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். முற்றம் முழுக்கக் குழாய் காய்ந்தது. பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு.

"யப்பா" என்று எழுந்தாள். கையில் பசை, அதனால் பக்கத்தில் வராமல் நின்றாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா தாயி?"

"அரைப்பரிச்ச நடக்குப்பா."

"நீ போகல?"

அவள் உள்ளே பார்த்தாள். என் மனைவி வெளியே வந்தாள். கையில் அவளும் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தாள்.

"வந்துட்டீகளா" என்றாள்.

நான் கொண்டுபோன பேச்சை ஆரம்பித்தேன். "எல்லாம் கழிச்சிட்டு வந்துட்டேன். இனிமே ஒரு பைசா பாக்கி கெடையாது. நடந்தத விடு."

"யாருக்குப் பாக்கி கெடையாது?"

"ஒனக்குத்தான். ஒரு மாசம் உள்ள இருந்தேன்ல."

"இருந்தீக. நீங்க உள்ள உக்காந்திருந்தா எம் பிள்ள தட்டுல சோறு விழுமா? ஜெயில்ல இருந்து பொட்டணம் கட்டி அனுப்பினீகளா?"

நான் பின்னைக் கழற்றிச் சங்கிலியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். கொக்கியைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய சங்கிலிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

"இது எங்கம்மா எனக்குப் போட்டது. எடுத்தவக திருப்பித் தந்திருக்கீக. சரி. பிள்ளையோடது எங்க?"

எனக்குக் கோபம் வந்தது. இதற்காகத்தானே போனஸ் முழுவதும் போட்டேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அப்படியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

புரட்டாசியில் வீட்டில் அரிசி இல்லை. அண்ணன் நிலம் மழையை நம்பின கரிசல் காடு, அந்த வருஷம் மிளகாய்ச் செடி காய்ந்துவிட்டது. அவருக்கே மூன்று பிள்ளைகள். வீடு வீடாகக் குழாய் உருட்டக் கொடுக்கிற ஏஜண்டிடம் இவள் இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கினாள். தீபாவளிக்கு உன் புருஷனுக்குப் போனஸ் வரும், அந்த நேரம் வாரண்டைக் காட்டினால் எப்படியும் கட்டிவிடுவான் என்று அவளுடைய வக்கீல் சொன்னாராம். அதை நம்பி, தீபாவளி கழிந்ததும் மொத்தமாகத் திருப்பித் தருகிறேன் என்று ஏஜண்டிடம் சொல்லியிருந்தாள். அதுவரைக்கும் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்ச நேரம்தான் உருட்டியிருக்கிறாள்.

"நீங்க கோர்ட்டுல கழிச்சிட்டு வாரேன்னீக. மறுநா ஏஜண்டு வந்துட்டாரு. காசு இல்லேன்னா பிள்ளைய முழுநாளும் உக்கார வையின்னாரு. நான் ஒருத்தியா உருட்டுனா அம்புட்டும் கழிய ஆடி ஆயிரும்." மகளைக் கையால் காட்டினாள். "நீங்க அங்க கழிச்சீக. இவ இங்க கழிக்கா."

கோர்ட்டில் அவள் முகம் எதற்கு வெளுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. மகளின் பள்ளிக்கூடம் அந்த நிமிஷத்தில் போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மகள் இதற்கிடையில் உட்கார்ந்து மறுபடி உருட்ட ஆரம்பித்திருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் வெடித்திருந்தது.

மச்சான் காட்டிலிருந்து வந்தார். இன்றைக்குக் கைகலப்புதான் என்று நான் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சிட்டீகளே மாப்ள. சாப்பிட்டீகளா?" என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

அன்றைக்கே அவள் சங்கிலியை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினாள். நானும் அதே பஸ்ஸில் போனேன். அவள் முன்னால், நான் பின்னால். அடகுக் கடையில் அவள் பெயரில், அவள் கையெழுத்தில், அதை வைத்து வேண்டிய அளவுக்கு மட்டும் பணம் வாங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே சங்கிலியை நான் வைத்தபோது அவளுக்குச் சொல்லக்கூட இல்லை. கடையை விட்டு இறங்கியதும், "ஏஜண்டுக்குக் கொடுக்கத்தான் இது. பிள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும். நீங்க ஒங்க வக்கீலப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். வா என்று கூப்பிடவும் இல்லை, போ என்று விரட்டவும் இல்லை.

வக்கீல் ஆபீசில் நான் சண்டை போடத்தான் போனேன்.

"சார், முப்பது நாள் உள்ள இருந்தேன். அவ இன்னும் பாக்கி இருக்குங்கா. இது என்ன நியாயம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏய்யா, ஜெயில்ல போடுறது பணத்தக் கழிக்கிறதுக்குன்னு ஒனக்கு எவன் சொன்னான்? கட்ட வைக்கிறதுக்குய்யா அது."

"அப்ப நான் இருந்த முப்பது நாளு?"

"கட்டாததுக்கு இருந்த. பணம் அப்படியேதான் நிக்குது. ஒன்பது மாசம் இல்ல, இப்பப் பத்து. உள்ள இருந்த மாசத்துக்கும் எண்ணூறு உண்டு."

குமாஸ்தா பீரோவுக்குப் பின்னால் சிரித்தான். நான் மேஜையைத் தட்டினேன். வக்கீல் கோபப்படவில்லை. ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பாக்கிக்கு இனி வீட்டுச் சாமானை ஜப்தி செய்யலாம். சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். புதிதாகச் சேருகிற மாதங்களுக்கு அவள் மறுபடி மனுப் போட்டால் மறுபடி வாரண்டு, மறுபடி ஜெயில்.

"கம்பெனி பூட்டினாங்கன்னு சொன்னியே, அப்பவே வந்திருந்தா வருமானம் கொறஞ்சு போச்சு, தொகையக் கொறைங்கன்னு நானே மனுப் போட்டிருப்பேன். அதுக்குச் சட்டத்துல எடம் இருக்குய்யா. நீ கோர்ட்டுப் பக்கமே வரல."

"சீசன் சார்."

"ஒங்களுக்குச் சீசன் உண்டு. பிள்ள வயித்துக்குச் சீசன் உண்டா?"

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ரயில்வே கேட் அருகே ரொம்ப நேரம் நின்றேன். முப்பது நாளையும் நினைத்துப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நான் எண்ணிய ஒவ்வொரு இருநூற்று நாற்பதுக்கும் மல்லாங்கிணற்று வாசலில் ஒரு பிள்ளை உட்கார்ந்து குழாய் உருட்டியிருக்கிறது. சட்டத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் போர்மேன் வீட்டுக்குப் போனேன். புது வருஷத்துக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் வேண்டும் என்றேன்.

"பத்தாயிரமா? கழிய ரெண்டு வருசம் ஆகும்லே. அதான் அந்தக் கேசு கழிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு?"

"கழியலண்ணே."

"என்னது? எம் மச்சினனுக்குக் கழிஞ்சுதே."

"ஒங்க மச்சினன் பொண்டாட்டி திரும்பக் கேட்டிருக்காது. அம்புட்டுத்தான்."

அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பொய்யாகப் போனது அவருக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கேயோ தீப்பெட்டி ஆபீசில் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு முதலாளியிடம் அவரே பேசினார். சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது, பத்தாம் தேதிக்கு முன்னால் எனக்கு எண்ணூறு கையில் நிற்க வேண்டும் என்றும் பேசி வாங்கினார். நல்ல மனுஷன். தப்பாகச் சொன்னாரே தவிர, கெட்டது நினைத்துச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் கோர்ட்டில் பதினொரு மாதத்துப் பணத்தையும் சேர்த்துக் கட்டினேன். அதற்குள் இன்னொரு மாதம் ஏறியிருந்தது. மாஜிஸ்திரேட் அம்மா என் மனைவியைப் பார்த்து, "வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். "வந்துருச்சுங்கம்மா" என்றாள். கையெழுத்துப் போட்டாள். அந்த மனு முடிந்தது. கேஸ் முடியவில்லை, மாதா மாதம் எண்ணூறு உண்டு, அதில் மகளின் ஐந்நூறு அவளுக்குப் பதினெட்டு வயதாகிற வரைக்கும். என் மனைவி திரும்பி வரவும் இல்லை. சங்கிலியை அடுத்த வருஷம் அவளே திருப்பிக்கொண்டாள். இப்போது அது அவள் கழுத்தில்தான் கிடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டிய அன்று மகளும் வந்திருந்தாள். பள்ளிக்கூட உடுப்பில் இருந்தாள். பரீட்சை எழுதாததற்கு டீச்சரிடம் என் மனைவி போய் அழுது, முழுப்பரீட்சை எழுதினால் போதும் என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டு முடிந்து பாதி நாள் வகுப்புக்காவது போக வேண்டும் என்று புத்தகப் பையோடு வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் என் மனைவி பஸ் கேட்கப் போயிருந்தாள். நானும் மகளும் தனியாக நின்றோம். அவள் என் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யப்பா, அந்த ஒரு மாசம் உள்ள இருந்தீகளே, எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான்தானே சொல்ல வேண்டும், யார் மறுக்கப் போகிறார்கள்? அவள் அப்படிக் கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொன்னால் நம்பியிருப்பாள் என்று தெரிந்தது.

"இல்ல தாயி. ஒனக்குக் கட்டாததுக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு அம்புட்டும் கட்டிட்டீகளா?"

"கட்டிட்டேன்."

"ரசீது?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை, முத்திரையில் இருந்த எழுத்து உட்பட, உதட்டை அசைத்து வாசித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. நான்காக மடித்தாள்.

"அது எனக்கு வேணும் தாயி. கேட்டா காட்டணும்."

"எங்கிட்ட இருக்கட்டும். கேட்டா நான் காட்டுறேன்."

பையைத் திறந்து, காம்பஸ் வைக்கிற டப்பாவுக்குள் அதை வைத்து மூடினாள். மல்லாங்கிணறு பஸ் வந்தது. அம்மா கூப்பிட்டாள் என்று ஓடினாள்.